மறு: கயாக்கின் ‘ஸ்கெக்’குக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகின் அடியில், பின்பக்கமாக இறக்கி ஏற்றும் தகட்டைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்கெக்’ என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘சிறுசுக்கான்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. சுக்கான் படகைத் திருப்புவது. ஸ்கெக் இடவலமாக அசையவே அசையாது. படகின் அடியிலிருந்து இறங்கும், ஏறும், அவ்வளவுதான். சுக்கான் என்று பெயர் வைத்தால், புதிதாகப் படிப்பவர் அதையும் கயாக்கின் சுக்கானைப் போலக் காலால் திருப்பப் பார்ப்பார்.

இன்னொருவர் சொன்ன ‘நிலைப்படுத்தி’யும் எனக்கு உறுத்துகிறது. படகு கவிழாமல் காக்கும் பொருள் என்று அர்த்தமாகிவிடும். கடலில் அந்தத் தவறான நம்பிக்கை ஆபத்து.

அது செய்யும் வேலை வேறு. பக்கக் காற்றில் கயாக் முன்னேறும்போது அணியம், அதாவது படகின் மூக்கு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அழுந்தி நிற்கும். பின்பக்கமோ கலங்கிய நீரில் பிடிப்பில்லாமல் இருக்கும். காற்று அந்தப் பின்பக்கத்தைத் தள்ளிவிட, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். இதற்குக் ‘காற்றுமுகம் பிடித்தல்’ என்பது என் பரிந்துரை. ஸ்கெக்கை இறக்கினால் பின்பக்கத்துக்குப் பிடிப்பு கிடைக்கிறது. பாதி இறக்கினால் படகு நேராக ஓடும்; பக்கக் காற்றில் முழுதும் இறக்கினால் மூக்கு காற்று வரும் திசையை விட்டு விலகிப் போகும். இறக்கும் அளவில்தான் சூட்சுமம்.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை. வேல்ஸில் ஆங்கிள்சி தீவுக் கரையில் ஓட்டுவதற்காக ஒரு பழைய கண்ணாடியிழைக் கயாக் வாங்கினேன். அதில் ஸ்கெக் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமே துடுப்புப் போட்டுத் தோள் கழன்றது. 1975இல் ஃபிராங்க் குட்மேன் நார்வேயின் வடமுனைப் பயணத்துக்காக வடிவமைத்த ‘நார்ட்காப்’ என்ற கயாக்கூட முதலில் ஸ்கெக் இல்லாமல்தான் வந்தது. பின்னால் வந்தவற்றில்தான் சேர்த்தார்கள். அதனால் பழைய படகு வாங்குபவர்கள் அடியை அறுத்து, கண்ணாடியிழையும் எபாக்சிப் பசையும் கொண்டு ஒரு பெட்டி கட்டி, அதற்குள் ஸ்கெக்கைப் பொருத்துகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதை ஏற்றி இறக்கக் கம்பிக்குப் பதில் கயிறு போட்டேன்; ரப்பர் கயிறு கீழே இழுக்கும், மெல்லிய கயிறு மேலே தூக்கும். கூழாங்கல் கரையில் இறங்கினால் கம்பி மடங்கிவிடும், கயிறு மடங்காது. கல் சிக்கி ஸ்கெக் இறங்காமல் போனால் பக்கத்துப் படகுக்காரர் இழுத்துவிடலாம் என்று அதன் நுனியில் ஒரு சிறு நூலும் கட்டியிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மீனுக்கு இருக்கும் துடுப்பைப் போலத்தான் இது இருக்கிறது. ஆனால் கயாக்கில் ‘துடுப்பு’ ஏற்கெனவே கையில் இருக்கிறது! “துடுப்பை இறக்கு” என்றால் எதை இறக்குவது? மீன் கழுவும் வீட்டில் நாம் ‘செட்டை’ என்போமே, அதை எடுத்துக்கொள்ளலாம். ‘வால்செட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் வால் நுனியில் தொங்குவது சுக்கான். ஸ்கெக் அதற்குச் சற்று முன்னால், வயிற்றிலிருந்து இறங்குகிறது. ஆகவே அடிச்செட்டை. அது ஒடுங்கும் இடம் செட்டைப்பெட்டி. ஏற்றி இறக்குவது செட்டைக்கயிறு. கிளைச்சொற்கள் இப்படித் தானாக வந்து விழுவது எனக்குப் பெரிய ஆறுதல்.

> இருக்கை மாற்றம் பற்றிய சொற்கள்?

உயரமான முதுகுச் சாய்மானத்தைக் கழற்றிவிட்டு இடுப்புக்குப் பின்னால் கட்டும் பட்டைக்கு ‘இடுப்புப்பட்டை’ போதும். தொடையை அழுத்திப் படகைச் சாய்க்க உதவும் ஃபோம் துண்டு ‘தொடைப்பிடி’. ‘தொடையணை’ என்றால் மெத்தை ஞாபகம் வருகிறது; இங்கே சொகுசைவிடப் பிடிமானம்தான் முக்கியம்.

ராமேசுவரம், யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்கள் யாராவது, வள்ளத்தின் அடியில் இப்படி இறக்கும் பலகைக்கு உங்கள் கரையில் வழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள். இருந்தால் அடிச்செட்டையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.