ரோலிங் ஸ்டோன்ஸின் ‘புளூ அண்ட் லோன்சம்’: சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

பழைய கேசட்: இந்த பிரிட்டிஷ் ராக் குழுவிடமிருந்து 2005க்குப் பிறகு 11 வருடம் ஸ்டுடியோ ஆல்பமே இல்லை. 2016 டிசம்பரில் இது வந்தது, 12 பாட்டும் அடுத்தவர் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள என்ன தயக்கம்? மூன்று நாளில் பதிவு செய்தார்களாம், அதில் பெருமை வேறு.

மவுத்ஆர்கன் மணி: அண்ணே, இதற்காக அவர்கள் போகவே இல்லை. லண்டன் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவுக்குப் போனது புதுப் பாட்டுக்காக. ஒலி ஒத்துவரவில்லை. கை பழகட்டும் என்று சிகாகோ மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டரின் பாட்டு ஒன்றை வாசித்தார்கள், அப்படியே பிடித்துக்கொண்டது. பக்கத்து அறையில் தன் வேலையாக இருந்த எரிக் கிளாப்டனும் வந்து இரண்டு பாட்டுக்கு கிட்டார் வாசித்தார்.

பழைய கேசட்: நான் சொல்வதும் அதுதானே. புதுசு வரவில்லை, பழசுக்குள் ஒதுங்கிவிட்டார்கள்.

ஓரமாய் ஒருவன்: 1964இல் பிரிட்டனில் வந்த முதல் ஆல்பத்திலும் பாடகர் ஜாகர், கிட்டார் வாசிக்கும் ரிச்சர்ட்ஸ் இருவர் பெயரில் ஒரே ஒரு பாட்டுதான்.

பழைய கேசட்: அப்போது இருபது வயசுப் பையன்கள். சிகாகோ புளூஸ் கேள்விப்படாத ஊர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், சரி. இன்று மூலப் பாட்டு யூடியூபிலேயே கிடக்கிறது. நகல் எதற்கு?

மவுத்ஆர்கன் மணி: நகலா? ‘ஜஸ்ட் யுவர் ஃபூல்’ பாட்டை ஹெட்போனில் போடுங்கள். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஊதுவது வால்டரின் பாணி. ஒலி கனத்து சாக்ஸஃபோன் மாதிரி உறுமும். நானும் பொத்திப் பார்த்திருக்கிறேன், விரல் இடுக்கில் கொஞ்சம் காற்று கசிந்தாலே தகர டப்பாதான். ஜாகர் அந்த வழியில் 72 வயதில் ஊதுகிறார், ஊதிய கையோடு பாடவும் செய்கிறார். அவர் பாட்டை விட ஊதல்தான் இந்த ஆல்பத்தில் பேசுகிறது.

பழைய கேசட்: ஊதலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஐ கான்ட் குவிட் யூ பேபி’? ஓட்டிஸ் ரஷ் 1956இல் பாடியதைக் கேட்டுவிட்டு வந்தால் உப்பில்லாத கஞ்சி.

ஓரமாய் ஒருவன்: அது எனக்கும் ஒட்டவில்லை. ஆனாலும் பாரம்பரிய புளூஸ் பிரிவில் கிராமி கிடைத்ததே?

பழைய கேசட்: தம்பி, கிராமியை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

மவுத்ஆர்கன் மணி: சரி, விருதை விடுங்கள். குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இது. ஜிம்மி ரீடின் ‘லிட்டில் ரெயின்’ மட்டும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

பழைய கேசட்: கேட்கிறேன். முதலில் ரீட், பிறகுதான் இவர்கள்.