நாங்கள் படுப்பதே நள்ளிரவுக்கு மேல்தான், மூன்றரை வயதுப் பையன் மட்டும் எப்படி நேரத்தோடு தூங்குவான்?

மழைத்துளி:
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு மூன்றரை வயது. இரவு 9.30-க்குப் படுக்க வைத்தால் 11 மணி, 11.15 வரை புரண்டுகொண்டே இருக்கிறான், தண்ணீர் வேண்டும் என்கிறான், கழிப்பறை போக வேண்டும் என்கிறான், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறான். காலை 7 மணிக்கு எழுப்பினால் ஒரே அழுகை. நானும் கணவரும் படுக்கும்போது 12.30, சில நாள் 1 மணி. அவர் ஹாலில் டிவி பார்ப்பார், நான் பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பேன்.

முந்தாநாள் அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துப் போனை எடுத்தேன். தற்செயலாகத் திரும்பினால் அவன் கண் இரண்டிலும் போன் திரை குட்டியாகத் தெரிகிறது, சத்தமே இல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தானோ. அன்றிலிருந்து மனசே சரியில்லை. "நீங்க படுத்தா அவன் தானா படுப்பான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உண்மையிலேயே எங்கள் பழக்கம்தான் காரணமா?

வடக்குஜன்னல்:
உங்கள் மாமியார் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் அவன் உங்களைப் பார்த்து அப்படியே செய்கிறான் என்பதல்ல விஷயம், வீடு இன்னும் விழித்திருக்கிறது என்பது அவன் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளின் கண்மணி பெரிது, கண் லென்ஸும் தெளிவு, அதனால் நமக்கு மங்கலாகத் தெரியும் வெளிச்சம்கூட அவர்களுக்குள் நன்றாகவே இறங்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் சிலரைத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலட்டோனின் சுமார் 88 சதவீதம் குறைந்திருந்தது, வெளிச்சத்தை எடுத்து 50 நிமிடம் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை. அங்கே வைத்த வெளிச்சம் போன் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. அதனால் போனை மட்டும் நினைத்து வருந்தாதீர்கள், ஹால் விளக்கை முதலில் பாருங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். 8.30 ஆனால் வீட்டில் பெரிய விளக்கு எதுவும் எரியாது, ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும். முதல் வாரம் எனக்கே எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால் 10 மணிக்கு எனக்கே கண் சொக்க ஆரம்பித்தது.

இரவுப்பணி_அப்பா:
வடக்குஜன்னல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குழந்தையின் தூக்கம் கெட்டால் நம் தூக்கமும் கெடுகிறது, நம் தூக்கம் கெட்டால் குழந்தையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. 2016-இல் பின்லாந்தில் 2 முதல் 6 வயது வரையுள்ள 100 குழந்தைகளின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவி கட்டி ஒரு வாரம் பார்த்தார்கள். சரியாகத் தூங்காத பெற்றோர் பிள்ளைக்குத் தூக்கப் பிரச்சினை அதிகம் என்று சொன்னார்கள், கருவியின் பதிவோ அந்த அளவுக்குக் காட்டவில்லை. எனக்கு அது அப்படியே பொருந்தியது. இரவு வேலை முடிந்து வரும் நாட்களில் மகள் லேசாக முனகினாலும் ஓடிப்போய்த் தூக்குவேன். அவளோ அரைத்தூக்கத்தில்தான் இருந்திருப்பாள், நான் தூக்கியதால்தான் முழுசாக எழுந்திருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் இரவில் சில முறை லேசாக விழித்துத் திரும்பத் தூங்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாலே போதும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

உங்கள் பையன் விஷயத்தில் 9.30-க்கே படுக்க வைத்துப் போராட வேண்டாம். இப்போது உண்மையில் எப்போது தூங்குகிறானோ, 11 என்று வையுங்கள், அந்த நேரத்துக்கே படுக்க வைத்துச் சட்டென்று தூங்கப் பழக்குங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். காலை 7 மணியை மட்டும் விடுமுறை நாளில்கூட மாற்றாதீர்கள். பலரும் இதைப் பாதியில் விட்டுவிடுவது அந்த விடுமுறைக் காலையில்தான்.

பூவரசு:
குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்று நீங்கள் சொல்லவில்லையே? 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் என்பது பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான். மாலை 5 வரை தூங்கினால் இரவு 9.30-க்குத் தூக்கம் வராது, அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. இன்னொன்று, வாரத்தில் பல நாள் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, கால் ஓயாமல் உதைக்கிறதா? அப்படி இருந்தால் பழக்கத்தோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவால்கூடக் கால் அமைதியில்லாமல் இருக்கும்.

அந்தப் போன் இரவை நினைத்துக் குமைய வேண்டாம் தோழி. நாள் முழுக்க உங்களுக்கென்று கிடைக்காத நேரம் அது, அதனால்தான் அதை விட மனசு வருவதில்லை. அந்த நேரத்தை வேறு பொழுதில் உங்களுக்கு உருவாக்கிக் கொடுக்கக் கணவரிடம் கேளுங்கள், கேட்டே ஆக வேண்டும்.

மழைத்துளி:
குறட்டை இல்லை. பகலில் 3 முதல் 5 வரை தூங்குவான், அதை 3.45-க்கே எழுப்ப ஆரம்பித்திருக்கிறேன். 12 நாள் ஆகிறது. இப்போது 10.15-க்குப் படுக்கிறான், பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறான், நடுவில் இரண்டு இரவு மட்டும் பழையபடி ஆனது. ஹால் விளக்கை அணைக்கக் கணவர் ஒத்துக்கொண்டார், டிவிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. பூவரசு அக்கா சொன்னபடி கேட்டும் விட்டேன், காலை 6 முதல் 7 வரை எனக்கு, பையன் எழுந்தால் அவர் பார்த்துக்கொள்வார். நேற்று நானும் 11 மணிக்குத் தூங்கிவிட்டேன். போன் ஹாலிலேயே சார்ஜில் கிடந்தது.