பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறேன், இரண்டில் எதை எடுக்கலாம்?

மேட்டுத்தடம்:

வணக்கம். எங்கள் நிலத்துக்குப் போகும் வழியில் கடைசிப் பகுதி முழுக்க மண்தடம். மழை பெய்தால் களி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஓர் ஓடை, அதைத் தாண்டியதும் உருட்டுக்கல் ஏற்றம். இதுவரை டிராக்டரில் போய் வந்தோம். அப்பாவால் இப்போதெல்லாம் டிராக்டரில் ஏறி உட்கார முடியவில்லை. ஆனால் தினமும் நிலத்தைப் பார்க்காமல் அவரால் இருக்கவும் முடியாது. அதனால் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்று தேடுகிறேன்.

இரண்டு டீசல் வண்டிகள் பார்த்தேன். இரண்டும் ஒரே மாடல், இருபது வருடம் தாண்டியவை, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், கையால் பூட்டும் முன் ஹப் (பூட்டினால்தான் முன் சக்கரங்களுக்கு இழுவை போகும்).

முதல் வண்டி பார்க்க அவ்வளவு அழகு. புது பெயின்ட், எஞ்சின் இப்போதுதான் பிரித்துக் கட்டியது, பெரிய மட் டயர், அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. இரண்டாவது ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை வருகிறது, சீட் கிழிந்திருக்கிறது, லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு போக உதவும் கியர்) லீவர் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருக்கிறது. பழைய சர்வீஸ் நோட்டு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

என் மனசு முதல் வண்டியில் இருக்கிறது. எஞ்சின் செலவு முடிந்துவிட்டது அல்லவா? ஓட்டி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிரீஸ்கன்:

எஞ்சின் கட்டியதற்கு பில் கேளுங்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினார்களா, இல்லை ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு ‘பிரித்துக் கட்டியது’ என்கிறார்களா என்பது பில்லில்தான் தெரியும். விற்கும் நேரத்தில் அடியில் அடித்த கறுப்புப் பூச்சு எனக்கு எப்போதுமே பயம் தரும். பூச்சு நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் இரும்பு எப்படி இருந்தது என்று யாராலும் பார்க்க முடியாதே.

வண்டிக்காரி:

தம்பி, பல வருடமாக இதே மாதிரி ஒரு பழைய டீசலை நிலத்து வேலைக்கு ஓட்டுகிறேன். அடியில் படுத்துப் பார்ப்பதும் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எஞ்சின் போனால் வேறு எஞ்சின் மாட்டலாம். கியர் பாக்ஸும் அப்படித்தான். எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் இற்றுப்போனால் அவற்றை மாட்டுவதற்கே இடம் கிடையாது. பழைய ஃபோர் வீலில் முதலில் சேஸைப் பாருங்கள், அடுத்து ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி). எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

சேஸ் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளேயிருந்து துருப்பிடிப்பதுதான் அதிகம். அது உள்ளீடற்ற பெட்டி. சேறும் ஓடை நீரும் உள்ளே போய்த் தங்கி, காயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். 1948-ல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கு அலுமினியக் கலவையில் பாடி செய்தார்கள், போருக்குப் பிறகு இரும்புத் தகடு சுலபமாகக் கிடைக்காத காலம் அது. அந்தப் பாடி துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் சேஸ் இரும்பு. மேலே பாடி நன்றாக இருந்து, கீழே சேஸில் விரல் நுழையும் ஓட்டையோடு நிற்கும் பழைய லேண்ட் ரோவர்கள் நிறைய உண்டு. இரும்பு பாடி வண்டியிலும் இதே கதைதான். மேலே பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு சின்ன சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளையும் இடம், ஸ்பிரிங் பட்டையின் தொங்கல்கள் பற்றவைத்த இடம், கடைசிக் குறுக்குச் சட்டம், பாடி போல்ட் உட்காரும் தாங்கிகள், இந்த இடங்களையெல்லாம் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே செதில் செதிலாகப் போயிருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். தட்டுவதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். மேலோட்டமான பழுப்புத் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போகும்.

இரண்டாவது வண்டியில் நீங்கள் சொன்ன கிரீஸ் கசிவுக்கு வருகிறேன். இந்த மாதிரி முழு ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே விறைப்பான தண்டு இணைக்கும்) வண்டியில் முன் சக்கரம் திரும்பும் மூட்டில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும், அதன் மேல்தான் ஹவுசிங் திரும்பும். உள்ளே கெட்டியான கிரீஸ். ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) ஆயில் அந்தப் பக்கம் வராமல் ஆக்சில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு சீல் தடுக்கும். அது தேய்ந்தால் ஆயில் மூட்டுக்குள் வந்து, கிரீஸை நீர்க்கச் செய்து, வெளிப்பக்க சீல் வழியாக வழியும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் சீலும் பேரிங்கும் மாற்றினால் சரியாகிவிடும், ஒரு நாள் வேலை. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்தத் திரும்பும் மூட்டின் கிங்பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடுமே, அதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. டை ராட் முனைகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

லோ ரேஞ்ச் லீவர் நகராமல் இருப்பது பெரும்பாலும் வருடக்கணக்கில் யாரும் அதைத் தொடாததால். இணைப்புக் கம்பிகளில் துரு ஏறி இறுகியிருக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். விழுந்த பிறகு தளர்ந்த மண் தரையில் இறக்கத்தில் விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே தேய்மானம். அது பெரிய செலவு. வராமல் நின்றால் கவலை இல்லை.

ஃபோர் வீல் உண்மையில் பிடிக்கிறதா என்று பார்க்க மண் தரையே போதும். ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலில் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். வண்டி இறுக்கமாக, தயங்கித் தயங்கித் திரும்பும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டம் ஓட வேண்டும், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டிகளில் அவற்றுக்குப் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அந்த முறுக்கு மண்ணில் சக்கரம் சறுக்கித் தீர்ந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் தீராது, கிராஸும் (ஷாஃப்ட்டின் மூட்டு) டிரான்ஸ்ஃபர் கேஸும்தான் அதைத் தாங்க வேண்டும். அதனால் தார் ரோட்டில் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள்.

சின்னஜீப்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. டயரைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். முதல் வண்டியின் பெரிய மட் டயர் ஒரு லாபம் மாதிரித் தெரியும். முழு ஆக்சில் வண்டியில் டிஃபரன்ஷியல் குடத்தின் அடி உயரத்தைக் கூட்ட அதுதான் வழி, அது உண்மை. ஆனால் டயர் பெரிதானால் கியர் விகிதமும் மாறிவிடும். லோ ரேஞ்சின் நிதானம் குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும், ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். திருப்பத்தில் சேஸிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். நாலும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீலில் நேராக ஓடும்போதே முறுக்கு ஏறும்.

களிமண்தான் உங்கள் பிரச்சினை என்றால் எடை குறைந்த வண்டியையும் பாருங்கள் என்பேன். சுசுகி 1970-ல் கொண்டுவந்த எல்.ஜே.10-க்கு எஞ்சின் வெறும் 359 சி.சி., வண்டி எடை 600 கிலோவுக்கும் குறைவு. ஜிம்னி குடும்பம் அங்கே தொடங்கியது. கனமான வண்டி புதைந்து நிற்கும் சேற்றில் அந்த வகை வண்டிகள் மேலேயே ஓடிப் போகும். சுமை ஏற்ற வேண்டாம், அப்பாவைக் கூட்டிப் போனால் போதும் என்றால் சின்ன பெட்ரோல் வண்டி உங்களுக்குப் போதும்.

வண்டிக்காரி:

சின்னஜீப், சேற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் நிலத்துக்குப் போகும் வண்டி வெறும் ஆளோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. உரமூட்டை, பைப், மோட்டார் என்று ஏதாவது ஏறிவிடும். அதோடு அந்த உருட்டுக்கல் ஏற்றத்துக்கு டீசலின் கீழ் வேக இழுவை நல்லது. தம்பி சுமையை யோசித்து முடிவு செய்யட்டும்.

மேட்டுத்தடம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சுத்தியலோடு போனேன்.

முதல் வண்டியில் பின் ஸ்பிரிங் தொங்கல் பக்கம் தட்டியதும் சத்தம் மாறிவிட்டது. கறுப்புப் பூச்சு பட்டையாக உரிந்து வந்தது. அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்து, அதன் மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். எஞ்சினுக்கு பில் இல்லை. விற்பவரிடம் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன்.

இரண்டாவதில் சேஸ் முழுக்க ஒரே மாதிரி ஒலித்தது. அக்கா சொன்ன மாதிரி லீவரை மெதுவாக ஆட்டியதில் விழுந்துவிட்டது, இறக்கத்தில் துள்ளவில்லை. கசியும் சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு புகை நின்றுவிடுகிறது. அப்பாவும் வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தார், சிரமம் இல்லை என்றார். இதையே எடுக்கிறேன். எடுத்ததும் முதலில் என்ன செய்யட்டும்?

வண்டிக்காரி:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. காலையில் மட்டும் வரும் புகைக்கு குளோ பிளக்கை (ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் எஞ்சினைச் சூடாக்குவது) பாருங்கள், அதுவே காரணமாக இருக்கலாம். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்து, சர்வீஸ் நோட்டில் அது மாற்றிய பதிவு இல்லை என்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

அடுத்தது எல்லா ஆயிலும். எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். இறக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். கையேட்டில் கியர் பாக்ஸுக்கு ஜி.எல்-4 என்ற ஆயில் தரம் போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். சில ஜி.எல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மம் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடும். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜி.எல்-5தான்.

ஓடையில் இறக்கும் முன் ஆக்சில் பிரீதரைப் பாருங்கள். ஹவுசிங்கின் மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதில் ஒரு ஹோஸ் மாட்டி, எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஓடையின் ஆழத்தை அன்றன்று நடந்து பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் நீர் ஓடினால் வண்டியும் போக வேண்டாம். எஞ்சினின் காற்றுக்குழாயில் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். டிரம்முக்குள் ஈரம் காயும்வரை நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

ஏற்றத்துக்கு ஹப்பைப் பூட்டி, லோ ரேஞ்சை அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள், பாதியில் நின்று போடப் பார்க்காதீர்கள். ஹப் பூட்டாமல் லோ ரேஞ்சில் சுமை இழுத்தால் கூடுதல் முறுக்கு முழுவதும் பின் ஆக்சில் ஷாஃப்ட்டின் தலையில் விழும். இறங்கும்போது லோ முதல் கியர், கால் கிளட்சின் பக்கமே போக வேண்டாம். அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதை மறக்கவே கூடாது.

இன்னொன்று. சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் ஒரு டிரம்மாக இருக்கும். அப்படி இருந்தால், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும், டிஃபரன்ஷியல் வழிவிட்டுவிடும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் அடியில் போகாதீர்கள்.

அந்த முன் சீல் வேலை முடியும்வரை ஓடைப் பக்கம் வேண்டாம். ஆயில் இறக்கும்போது படம் எடுத்துப் போடுங்கள், நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.