அமெரிக்கக் கல்லூரிக் கோச்கள் உங்கள் பிள்ளையிடம் என்ன பார்த்தார்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

டல்லாஸ் அப்பா:
மகள் டென்னிஸ் ஆடுகிறாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதில் மூன்று பிரிவுகள், மேலே இருப்பது டிவிஷன் ஒன்று. டென்னிஸில் டிவிஷன் ஒன்று கோச்கள், பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஜூன் 15 வந்த பிறகுதான் பிள்ளைகளோடு பேசலாம் என்பது என்சிஏஏ விதி. அதற்கு முன்பே நாம் மெயில் போடலாம், அவர்களால் பதில் சொல்ல முடியாது. நான் அந்த வருடம் முழுக்க மகள் பெயரில் நாற்பது கோச்களுக்கு மெயில் எழுதித் தள்ளியிருந்தேன். ஜூன் 15 காலை எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரே ஒருவர் பதில் போட்டார்: "அடுத்த மெயிலை உங்கள் மகளே எழுதட்டும்." இருபது வருடம் ஆபீஸ் மெயில் எழுதிய கை, எங்கே மறையும்?

அப்புறம் அவளே எழுதினாள். நாலே வரி. யுடிஆர் எண் (டென்னிஸ் திறமையைக் காட்டும் மதிப்பீடு), பள்ளி மதிப்பெண், அடுத்த டோர்னமென்ட் எங்கே என்று, கூடவே பாட்டெல்லாம் சேர்க்காத ஒரு வீடியோ. பதில்கள் வர ஆரம்பித்தன. யுடிஆர் 16.5 வரை போகும் அளவுகோல். கல்லூரி மேட்சில் ஆறு சிங்கிள்ஸ். தன் அணியில் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுகிறவரின் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கோச் நம் பிள்ளையின் எண்ணைப் பார்க்கிறார்.

டிசம்பரில் ஆர்லாண்டோவில் ஒரு போட்டி. நூறு கோர்ட் இருக்கிற இடம். வேலிக்குப் பின்னால் கல்லூரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கோச்கள் நிற்பார்கள், யாரோடும் பேச மாட்டார்கள். மகள் முதல் செட்டை 6-1 என்று விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கால நகத்துடி!" என்று கத்தினேன். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். பிறகு போனில் பேசிய கோச், தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஒவ்வொரு தப்புக்கும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். இங்கே வந்தால் யாரைப் பார்ப்பாள்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த டோர்னமென்டிலிருந்து நான் கார் பார்க்கிங்கில்தான் இருந்தேன், சுண்டல் டப்பாவோடு.

நியூஜெர்சி அம்மா:
அண்ணா, உங்களுக்காவது நேரில் வந்து பார்த்தார்கள். நீச்சலில் கடிகாரம்தான் பேசும். பையன் பிரெஸ்ட்ஸ்ட்ரோக். இன்றைய நேரத்தைவிட, ஒன்பதாவதிலிருந்து வருடா வருடம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் துருவினார்கள். வாரத்துக்கு எத்தனை தடவை பயிற்சி என்று ஒரு கோச் கேட்டார். ஐந்து என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை, குறைவாகப் பயிற்சி செய்தால் நல்லதா என்று. ஒன்பது தடவை நீந்துகிற பையனிடம் இனி முன்னேற்றிக் காட்ட அதிகம் இருக்காதாம்.

கடைசியில் டிவிஷன் மூன்றில் சேர்ந்தான். அங்கே கோச் முதலில் கேட்டது பதினொன்றாம் வகுப்பு வரையிலான மார்க் ஷீட். அதை அட்மிஷன் ஆபீசில் காட்டி, இவன் தேறுவானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் டிவிஷன் மூன்றில் கிடையவே கிடையாது. ஊரில் மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை, "சும்மாவா நீந்துறான்?" என்கிறார்.

பழைய உதவிக் கோச்:
இரண்டு வருடம் ஒரு டென்னிஸ் அணியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். டிவிஷன் ஒன்று டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்த பிறகு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிப் பழகிய 21 வயதுக்காரரும் போட்டிக்கு வந்துவிட்டார். 2025-26 முதல், வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிசெய்த நீதிமன்ற ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான். பள்ளிப் பிள்ளைக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும் ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது, அதை நம்பி மற்றவர்களுக்கு மறுப்பு அனுப்பிவிடாதீர்கள்.

கேம்பஸைப் பார்க்க வரும் பிள்ளையை அணிப் பிள்ளைகளோடு ஒரு ராத்திரி தங்க வைப்போம். மறுநாள் அவர்களிடம் "எப்படி?" என்று கேட்போம். யுடிஆர் நன்றாக இருந்த ஒரு பெண்ணை, ராக்கெட் பையை அம்மா தலையில் கட்டிவிட்டு முன்னால் நடந்தாள் என்பதற்காகவே பட்டியலிலிருந்து எடுத்தோம். எங்களுக்குள் வாக்குவாதம்கூட வரவில்லை.

இன்னொன்று. "எங்கள் சம்மர் கேம்புக்கு வாருங்கள்" என்று கோச் கையெழுத்தோடு மெயில் வந்தால் உடனே குதிக்காதீர்கள். பெரும்பாலும் அது மெயிலிங் லிஸ்டில் இருக்கும் எல்லோருக்கும் போவது. கேம்ப் கட்டணமும் ஒரு வருமானம்தானே.

சியாட்டில் அப்பா:
சார், அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தோம். இப்போதுதான் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.