ஆடம்ஸ், கென்னா பாணியில் நிலக்காட்சி: எஃப்/22 வைத்தும் கூர்மை இல்லை, வானமும் கெட்டுப்போகிறது

இலைநரம்பு (கேள்வி)

வணக்கம். கல்லூரி ஒளிப்படப் பாடத்துக்கு 12 கருப்பு-வெள்ளை இயற்கைப் படங்கள் தர வேண்டும். மலைக்காட்சிகளுக்குப் பேர்போன ஆன்சல் ஆடம்ஸ், நீண்ட நேர எக்ஸ்போஷரில் நீரும் வானமும் எடுக்கும் மைக்கேல் கென்னா, செடிகளை மிக நெருக்கத்தில் எடுத்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் ஆகிய மூன்று ஒளிப்படக் கலைஞர்களையும் முன்மாதிரியாக எடுத்திருக்கிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 18-55 கிட் லென்ஸ், டிரைபாட், 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) கைவசம் உண்டு.

அப்பர்ச்சரை (லென்ஸ் துளையை) எஃப்/22 வரை சிறிதாக்கியும் காட்சி முழுக்க மங்கல். எடிட்டிங்கில் நீலத்தை இறக்கி வானத்தைக் கருப்பாக்கினால் கிளைகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு வருகிறது, வானம் முழுக்க நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான பிசிறு). என்டி மாட்டினால் போகஸ் பிடிப்பதே இல்லை. எதை மாற்ற வேண்டும்?

முக்காலி

முதல் சிக்கலுக்குக் காரணம் அந்த எஃப்/22-தான். 1932-இல் ஆடம்ஸும் வெஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்த ஒளிப்படக் குழுவுக்கு எஃப்/64 என்று, இன்னும் சிறிய துளையின் பெயர் என்பதால் பலரும் அப்பர்ச்சரைக் கடைசி வரை மூடிவிடுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது பெரிய ஃபிலிம். 8×10 அங்குல நெகட்டிவை ஏ3 அளவுக்குக் கொண்டுபோக இரண்டு மடங்குகூடப் பெரிதாக்க வேண்டாம். உங்கள் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ., அதே ஏ3-க்கு 18 மடங்கு பெரிதாகிறது. எஃப்/22-இல் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) ஒரு புள்ளி ஏறக்குறைய 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். உங்கள் பிக்சல் 4 மைக்ரான்தான். போதாக்குறைக்கு சென்சார் தூசியெல்லாம் வானத்தில் பளிச்சென்று தெரியும்.

18 மி.மீ., எஃப்/11 வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள கல்லிலோ செடியிலோ கையால் போகஸ் செய்யுங்கள். முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். தொலைவில் உள்ள மலைதான் முக்கியம் என்றால் போகஸை மூன்று மீட்டருக்குத் தள்ளி, எஃப்/8 போதும்.

கருஞ்சிவப்பு

வானத்துக்கு வருகிறேன். 1927-இல் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டார். அதில் வானம் போதிய அளவு கருக்காது என்று தோன்றி, அடர்சிவப்புக்கு மாறினார். நீல ஒளியை ஃபில்டர் தடுத்ததால்தான் அந்தக் கருமை. ஆகவே வானம் உண்மையிலேயே நீலமாக இருக்க வேண்டும். மேகமூட்டமான வெள்ளை வானத்தில் எந்த ஸ்லைடரும் உதவாது.

ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள். 8 பிட் ஜேபெக்கில் நீலத்தை இழுத்தால் பட்டை பட்டையாக உடையும். கருப்பு-வெள்ளை மிக்ஸில் (ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று மாற்றும் ஸ்லைடர்கள்) நீலத்தை −40 வாக்கில் நிறுத்தி, மீதிக் கருமையை வானத்துக்கு மட்டும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் குறைத்துக் கொண்டுவாருங்கள். வெள்ளை விளிம்பு பெரும்பாலும் இலை ஓரத்து நிறப்பிசிறால் வருவது. மிக்ஸைத் தொடுவதற்கு முன்பே அந்த நிறப்பிசிறை நீக்கும் குரோமாட்டிக் அபெரேஷன் திருத்தத்தை ஆன் செய்துவிடுங்கள். கிளாரிட்டி, ஷார்ப்பனிங் இரண்டும் அந்த விளிம்பை இன்னும் தடிப்பாக்கும். லென்ஸில் நிஜச் சிவப்பு ஃபில்டர் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்ண சென்சாரில் நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான் முழுதாக ஒளி பெறும், விவரம் போய்விடும்.

எடுக்கும்போதே நாய்ஸைத் தவிர்க்க, விவரம் உள்ள வெள்ளை மேகத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) வைத்து, அது காட்டும் அளவைவிட 2 ஸ்டாப் கூட்டுங்கள். கருப்பிலிருந்து வெள்ளை வரை ஒளியை மண்டலங்களாகப் பிரிக்கும் ஆடம்ஸ் கணக்கில் அது 7-ஆம் மண்டலம். நிழல் எவ்வளவு தேறுகிறது என்று ஹிஸ்டோகிராமில் பார்த்துக்கொள்ளலாம்.

முக்காலி

என்டி விஷயம். வரிசை முக்கியம்: காட்சியை அமைத்து, ஃபில்டர் இல்லாமல் போகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, எக்ஸ்போஷரைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ஃபில்டரைத் திருகுங்கள். திருகும்போது போகஸ் வளையம் நகரக்கூடாது. கிட் லென்ஸ்களில் முன்பகுதியே சுழலும் வகைகளும் உண்டு, கவனம்.

10 ஸ்டாப் என்றால் சுமார் ஆயிரம் மடங்கு. 1/30 நொடி 34 நொடியாகும், 1/8 நொடி இரண்டு நிமிடத்தைத் தாண்டும். 30 நொடிக்கு மேல் பல்ப் மோடும் (ஷட்டர் நாம் மூடும்வரை திறந்தே இருக்கும்) ரிமோட்டும் வேண்டும். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரையும் மூடுங்கள், அதன் வழியே ஒளி புகுந்து படத்தில் வெளிறிய பட்டை விழும். ஈர மணலில் டிரைபாட் கால்கள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அலை வரும் இடத்தைத் தவிர்த்து, கால்களை முன்பே அழுத்தி ஊன்றுங்கள்.

கென்னாவின் சதுரச் சட்டகத்தையும் முயன்று பாருங்கள். லைவ் வியூவில் 1:1 வைத்தாலும் பல கேமராக்களில் ரா ஃபைலில் முழுப் படமும் இருக்கும். அவர் படங்களின் பலம் காலியாக விடும் இடத்தில் இருக்கிறது. நீர் பஞ்சுபோல் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.

இலைநரம்பு

மிக்க நன்றி. மேக்ரோ லென்ஸ் இல்லாமல் பிளாஸ்ஃபெல்ட் பக்கம் போகலாமா?

கருஞ்சிவப்பு

போகலாம். எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) வாங்குங்கள், மின்தொடர்பு உள்ளதாகவே. தொடர்பு இல்லாததில் அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. 55 மி.மீ.-இல் 28 மி.மீ. டியூப் போட்டால் லென்ஸின் உருப்பெருக்கத்தோடு சுமார் 0.5 (சென்சாரில் பொருளின் நிஜ அளவில் பாதி) சேரும். கிட்டே போகப் போக டிஃப்ராக்ஷனும் சீக்கிரம் வரும் என்பதால் எஃப்/8-லேயே நின்று, போகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, எடிட்டிங்கில் ஒன்றாக அடுக்குங்கள். இலை ஆடினால் அடுக்கு கெடும், ஆகவே அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. பின்னணிக்குச் சாம்பல் அட்டை, அதைச் செடியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒளி ஒரு பக்க ஜன்னலிலிருந்து, நடுவே மெல்லிய வெள்ளைத் துணி. பிளாஸ்ஃபெல்டும் செடியைக் கத்தரித்து, தேவையான தண்டை மட்டும் நிறுத்தித்தான் எடுத்தார்.

ஒரு யோசனை: 12 படத்துக்கு மூவர் அதிகம். பிளாஸ்ஃபெல்டையும் கென்னாவையும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆறு எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன, நீங்கள் மாற்றியது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வாகாத படங்களின் கான்டாக்ட் ஷீட்டையும் (எல்லாவற்றையும் சிறிதாக ஒரே தாளில் காட்டுவது) சேர்த்துக் கொடுங்கள்.