கம்பெனி அமைப்பு மாறியபோது உங்கள் இடத்தில் கையெழுத்து யார் கைக்குப் போனது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆவாரம்பாளையத்துக்காரன்:

முதலில் என் கதை. எங்களுடையது கோவையில் மோட்டார் பம்ப் பட்டறை. 1988ல் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பார்ட்னர்ஷிப்பாகத் தொடங்கியது. நாலு லேத், ஒரு வைண்டிங் டேபிள், வார்ப்பு வெளியே ஒரு பவுண்டரியிலிருந்து வரும், அவ்வளவுதான். அப்பா விற்பனை, பெரிய சித்தப்பா உற்பத்தி, சின்னவர் வசூல். இதை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை, அவரவர் சுபாவத்துக்கு அப்படி அமைந்துவிட்டது. செக்கில் யாராவது இருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதுதான் வங்கியில் கொடுத்த விதி. ஆனால் அப்பா கையெழுத்து இல்லாத செக் ஒன்றுகூட வெளியே போய் நான் பார்த்ததில்லை.

2015 ஆடியில் அப்பா தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து ஆட்களுக்குச் சம்பளம் எடுக்கப் பெரிய சித்தப்பா வங்கிக்குப் போனால், சி.சி. கணக்கை (தொழில் நடத்த வங்கி கொடுக்கும் கடன் கணக்கு) நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கிறார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பங்குதாரர் உயிரோடு இருக்கிறார்கள், சரக்கு இருக்கிறது, வரவேண்டிய பணம் இருக்கிறது, எதற்கு நிறுத்த வேண்டும்? அப்போதுதான் ஆடிட்டர் பழைய பத்திரத்தை எடுத்து வரச் சொன்னார். 1932ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஒரு பங்குதாரர் இறந்தால் அன்றோடு அந்த நிறுவனமே கலைந்துவிடும். எங்கள் பத்திரம் நாலே பக்கம். லாபம் எப்படிப் பிரிப்பது என்று இருக்கிறது, யாராவது இறந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. முப்பது வயதில் மூன்று அண்ணன் தம்பிகள் தொழில் தொடங்கும்போது சாவைப் பற்றி யார் எழுதச் சொல்வார்கள்? எழுதச் சொல்பவரை வீட்டில் திட்டியிருப்பார்கள்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவும் நானும் பங்குதாரராகச் சேர்ந்து, புதுப் பத்திரம் பதிந்து, வங்கி மறுபடி கணக்கைத் திறந்துவிடும்வரை கிட்டத்தட்ட நான்கு மாதம். அதுவரை ஆட்களுக்குச் சம்பளம் சின்னச் சித்தப்பாவின் மனைவியுடைய நகைக்கடனில் போனது. சித்தி அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் பிரைவேட் லிமிடெட் ஆக்கலாம் என்று முடிவு செய்தோம். கம்பெனி என்றால் ஆள் இறந்தாலும் அது இருக்கும், பங்கு மட்டும் வாரிசுக்கு மாறும். கடனுக்கு நம் பொறுப்பு போட்ட பங்கோடு நிற்கும் என்பது இன்னொரு காரணம். ஆனால் நடைமுறையில் வங்கி எங்கள் எல்லோரிடமும் தனி ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் கடன் கொடுத்தது, அதனால் அந்த இரண்டாவது காரணத்தை நம்பி யாரும் மாற வேண்டாம்.

2017 ஏப்ரலில் கம்பெனி ஆனது. புது பான் எண், மூன்றே மாதத்தில் ஜி.எஸ்.டி. வேறு வந்தது, பில் புத்தகம் இரண்டு தடவை அச்சடித்தோம். அதெல்லாம் சிரமமே இல்லை. சிரமம் கல்லாவில் வந்தது. முப்பது வருடமாகப் பெரிய சித்தப்பா வீட்டில் விசேஷம் என்றால் கல்லாவிலிருந்து எடுப்பார், கணக்குப்பிள்ளை அவர் பேரில் பற்று எழுதுவார், வருடக் கடைசியில் லாபத்தில் கழித்துக்கொள்வார்கள். இப்போது ஆடிட்டர், அப்படியெல்லாம் எடுக்கக் கூடாதுங்க, சம்பளமாக எடுங்க இல்லை டிவிடெண்டாக, அதாவது பங்குக்கு உண்டான லாபமாக எடுங்க, கம்பெனி பணம் கம்பெனியுடையது என்கிறார். சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, நான் ஆரம்பிச்ச பட்டறையில எனக்கே சம்பளமா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. முதலாளி, மேலாளர், அண்ணன் என்று மூன்றாக இருந்த ஒரே மனிதரை, இன்று முதல் பங்குதாரர் வேறு, இயக்குநர் வேறு, சொந்தக்காரர் வேறு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டினால் யாருக்கும் குழம்பும்.

உங்கள் இடத்தில் எப்படி நடந்தது? காகிதத்தில் என்ன மாறியது என்பதைவிட, யாரைக் கேட்டுச் செய்வது என்பது எப்படி மாறியது என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

தம்பி, அப்பாவைப் பற்றிப் படித்ததும் வருத்தமாக இருந்தது. நான் குடும்பத் தொழிலில் இருந்தவனில்லை. 1984ல் மின்வாரியத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2014ல் ஓய்வு பெற்றேன். 1957ல் அமைந்த வாரியம், எங்கள் காலத்தில் ஒரே உடம்பு. உற்பத்தி, கொண்டுபோவது, வீட்டுக்குக் கொடுப்பது மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. 2003ல் வந்த மின்சாரச் சட்டம் மாநில மின்வாரியங்களை மாற்றியமைக்கச் சொன்னது. 2010 நவம்பர் 1 அன்று மேலே ஒரு தாய் நிறுவனம், கீழே உற்பத்தியும் பகிர்மானமும் சேர்ந்து டான்ஜெட்கோ, உயர் அழுத்தப் பாதைகளுக்கு டான்ட்ரான்ஸ்கோ என்று பிரிந்தது. கேரளத்திலும் வாரியத்தைக் கம்பெனி ஆக்கினார்கள், ஆனால் உடைக்கவில்லை. ஒரே கம்பெனிக்குள் மூன்று பிரிவாக வைத்துக்கொண்டார்கள். ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்து மாநிலம், இரண்டு அமைப்பு.

அந்த நவம்பர் 1 காலையில் நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். பிரிவு அலுவலகம், உபகோட்டம், கோட்டம், வட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த பொறியாளர் வரிசையில் ஒரு இழையும் அசையவில்லை. பியூஸ் போனால் மக்கள் அன்றும் "இ.பி. ஆபீசா?" என்றுதான் போன் செய்தார்கள்.

எங்களுக்கு மாறியது பேரேட்டில். ஒரு துணைமின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பாதை ஒரு கம்பெனிக்கு, வெளியே போகும் பாதை இன்னொன்றுக்கு. சரி, நடுவில் இருக்கும் கட்டிடம்? சுற்றுச்சுவர்? காவலாளி? முப்பது வருடம் ஒரே தலைப்பில் எழுதிய சொத்தை வரிவரியாகப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான், நாம் ஒன்று என்று நினைத்த இடத்தில் எத்தனை தையல் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன். ராத்திரி எட்டு மணிவரை இருந்து பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டியிருக்கிறேன். 2024ல் டான்ஜெட்கோவையும் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என்று மூன்றாக்கிவிட்டார்கள். இப்போது இருக்கும் பிள்ளைகள் அதே ரிஜிஸ்டரைத் திரும்பவும் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சோழிங்கநல்லூர்:

ஐயா சொன்னதற்கு நேர் எதிர் என் அனுபவம். ஐ.டி.யில் பதினாறு வருடம், கம்பெனி பெயர் வேண்டாம். எங்களிடம் அமைப்பு மாறினால் முதல் நாளே தெரியும், ஏனென்றால் மேலதிகாரி மாறிவிடுவார். நான் சேர்ந்தபோது வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம் என்று வாடிக்கையாளர் தொழிலை வைத்துப் பிரித்திருந்தார்கள். பிறகு டெஸ்டிங்குக்கு, அதாவது எழுதிய மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு, தனிப் பிரிவு வந்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு மேனேஜர். தினசரி வேலை கொடுப்பவர் காப்பீட்டுப் பிரிவில், அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) எழுதுபவர் டெஸ்டிங் பிரிவில். இவர் கேட்டு ராத்திரி ரிலீசுக்கு நின்றேன், அவருக்கு அது தெரியாது. அவர் சொன்ன பயிற்சியை முடித்தேன், இவருக்கு அது தேவையில்லை. வருடக் கடைசியில் இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே "நான் பேசுகிறேன்" என்றார்கள், ரேட்டிங் நடுவிலேயே நின்றது. இரண்டு வருடம் அப்படி ஓடியது. கோபம் அந்த மனிதர்கள் மேல் வரவில்லை, யாருக்கு யார் மேலதிகாரி என்று அந்த அமைப்புப் படத்தை வரைந்தவர் மேல்தான் வந்தது.

இது எங்கள் கம்பெனியில் மட்டும் உள்ளதில்லை. 1988ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றும் சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவெரியும் சேர்ந்து ஏ.பி.பி. என்ற மின்கருவி நிறுவனம் ஆனபோது, ஒவ்வொரு தொழிற்சாலைத் தலைவரும் அந்த நாட்டுத் தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும், உலக அளவில் அந்தப் பொருளுக்கான தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். மேலாண்மை வகுப்புகளில் எல்லாம் புகழ்ந்த அமைப்பு அது. பத்து வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் அதை முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். டெஸ்டிங் தனிப் பிரிவானதால்தான் எனக்குக் காப்பீடு தாண்டி வேறு வேலை கற்கக் கிடைத்தது. அப்ரைசல் எழுதுபவரும் வேலை கொடுப்பவரும் மாதம் ஒருமுறை ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் போதும், பாதிப் பிரச்சினை இருந்திருக்காது.

பனியன் ஊர்:

திருப்பூரிலிருந்து. எங்கள் யூனிட்டில் கட்டிங்கும் பேக்கிங்கும் நம் ஆட்கள், தையல் மட்டும் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் வரிசை) கான்ட்ராக்டரிடம். பீசுக்கு இத்தனை என்று அவரிடம் கொடுப்போம், அவர் தன் டெய்லர்களுக்குக் கொடுப்பார், யார் வந்தார் யார் வரவில்லை என்பது அவர் கவலை. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்து, ஒவ்வொரு டெய்லருக்கும் வருகைப் பதிவும் பி.எஃப்.பும் எங்கே என்று கேட்ட பிறகு எல்லோரையும் நேரடிச் சம்பளத்துக்கு எடுத்தோம். கான்ட்ராக்டரையே சூப்பர்வைசர் ஆக்கினோம். ஆறு மாதம்வரை டெய்லர்கள் லீவு அவரிடம்தான் கேட்டார்கள், எச்.ஆர். பெண் ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாத மாதிரி. பிறகு அந்தப் பெண்ணே தினமும் காலையில் டேபிள் டேபிளாகப் போய் நின்று பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் மாறியது.

மதுரை மருமகன்:

ஆவாரம்பாளையத்துக்காரரே, குடும்பமும் பங்கும் கலந்து கிடக்கும்போது பெரிய இடங்களும் இதைத்தான் செய்திருக்கின்றன. 1911ல் எங்கள் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில், வாரிசுக் கிளைகள் பெருகிய பிறகும் பங்கு எல்லாக் கிளைக்கும் பொதுவாகவும் நடத்துவது தனித்தனியாகவும் ஓடியது. 2020ல் குடும்பம் ஒப்பந்தம் போட்டு, 2022ல் எந்தக் கிளை எதை நடத்துகிறதோ அதன் பங்கும் அந்தக் கிளைக்கே என்று பிரித்துக்கொண்டார்கள். மூன்று தலைமுறை தாண்டி அதைப் பேசி முடித்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு கேள்வி. சித்தப்பா கேட்டதற்குக் கடைசியில் என்ன பதில் சொன்னீர்கள்?

ஆவாரம்பாளையத்துக்காரன்:

பதில் நான் சொல்லவில்லைங்க, நகைக்கடன் வாங்கிக் கொடுத்த சின்னச் சித்திதான் சொன்னார். "முப்பது வருசமா மாசம் இவ்வளவு வரும்னு தெரியாமத்தான் குடும்பம் நடத்துனேன், சம்பளம்னு ஒண்ணு வரட்டும்." அதற்கு மேல் பெரிய சித்தப்பா பேசவில்லை. முதல் மாதச் சம்பளத்தைச் சித்தியின் கணக்கிலேயே போடச் சொன்னார். நகைக்கடன் அதில்தான் அடைந்தது.

செக்கில் இப்போது என் கையெழுத்தும் சித்தப்பா கையெழுத்தும். விதிப்படி யாராவது இருவர் போதும். ஆனால் சித்தப்பா பார்க்காத செக்கைக் கணக்குப்பிள்ளை இன்னும் வெளியே அனுப்புவதில்லை, நானும் அனுப்பச் சொல்லவில்லை.

புதியவர்:

நாங்களும் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஈரோட்டில் மஞ்சள் மண்டி, பன்னிரண்டு வருடப் பார்ட்னர்ஷிப். இதைப் படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன், நம் பத்திரத்தில் யாராவது இறந்தால் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். ஏன்டா இந்த நேரத்தில் இதைக் கேட்கிறாய் என்றார். பத்திரம் அண்ணியின் பீரோவில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துப் பார்க்கப் போகிறோம்.