ஆளுக்கு 40,000 ரூபாய் இலவசம் என்கிறார்கள், உண்மையா?

கேள்வி:
அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அதில் நான்கு பேர் முருங்கையிலைப் பொடி விற்கிறோம். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும் என்று திண்ணையில் வேட்டி விரித்து நிழலில்தான் உலர்த்துவோம். போன ஐப்பசி மழையில் இரண்டு மூட்டை இலை கறுத்து, குப்பைக்குப் போனது. பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனத் திட்டத்தில் ஆளுக்கு 40,000 ரூபாய் இலவசமாம். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் "பேப்பர் செலவு" 3,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுக்காதீர்கள், தங்கச்சி. சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் மூன்று வருடம் கணக்கு எழுதியவள் சொல்கிறேன். அந்த 40,000-க்கு விதை மூலதனம் என்று பெயர். அது கூட்டமைப்புக்குத்தான் மானியம். உங்கள் கைக்குக் கடனாகத்தான் வரும். நீங்கள் திருப்பிக் கட்டும் பணம் டெல்லிக்குப் போகாது, அடுத்து கேட்கிறவளுக்குச் சுற்றி வரும். எங்கள் குழுவில் இதை யாரும் முதலிலேயே உடைத்துச் சொல்லவில்லை. இலவசம் என்று நம்பிய ஒருத்தி அரைப் பவுனில் தோடு வாங்கிவிட்டாள். தவணை கேட்கப் போன என்னோடு இன்றுவரை பேச்சில்லை. சரக்கு வாங்கவும் சின்னக் கருவிகளுக்கும்தான் அந்தப் பணம். உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் என்பதால், பன்னிரண்டு பெயரையும் எழுதாதீர்கள். நான்கு பேருக்கு 1,60,000.

பதில் 2:
பெரிய உலர்த்தி வாங்குவதென்றால் இதே திட்டத்தில் 35 சதவீத மானியம் தனியாக உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். ஆனால் வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும். கைமுதல் 10 சதவீதம் போட வேண்டும். மானியம் வங்கியில் தனிக்கணக்கில் மூன்று வருடம் கிடக்கும். தவணை தவறாமல், தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள்.

பதில் 3:
உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இணையத்தில் இலவசம். சிறு தயாரிப்பாளருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய். 3,000 எதற்கு என்று அவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். மாவட்ட அலுவலகத்தில் ஆள் தெரியும் என்றார், ரசீது மட்டும் தெரியாதாம்! குழுக் கூட்டத்தில் அக்கா எழுதியதை அப்படியே வாசித்தேன். கடன் என்றதும் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மிச்சம் நானும் என் ஓர்ப்படியும்தான். 80,000-க்குத் தீர்மானம் எழுதி, செவ்வாய்க்கிழமை கூட்டமைப்பில் கொடுக்கப் போகிறோம். உலர்த்தி இப்போதைக்கு வேண்டாம்.